எக்ஸூரில் பூ விற்பதில்லை

நான்கு நாற்காலியும் ஒரு மேசையும் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய். மேசையின் விலை நாற்காலியின் விலையைப் போல் மூன்று மடங்கு. அப்படியானால் ஒரு நாற்காலி என்ன விலை?

இந்தக் கணக்கை நான் அரை நிமிடத்தில் போட்டுவிடுவேன். நாற்காலி x, மேசை 3x, மொத்தம் 7x, ஆக x இருநூறு. பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்குச் சொந்தமாக இருந்தது அந்தக் கர்வம் ஒன்றுதான். விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து, எதிரே இருந்த அக்காவின் பக்கம் நோட்டைத் திருப்பி வைத்தேன். அக்கா நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இருநூறு ரூவாய்க்கு நாற்காலியா? எந்தக் கடையில?"

"கடையெல்லாம் இல்லக்கா. இது கணக்கு."

"பிளாஸ்டிக் சேரே ஐநூறு சொல்லுதான் ஏட்டி. இது மரமா, பிளாஸ்டிக்கா?"

"அதெல்லாம் கணக்குல சொல்லலையே."

"என்ன நாற்காலின்னே தெரியாம எப்படி விலை கண்டுபிடிச்ச?"

எனக்கு வந்த கோபத்தில் நோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எங்கள் சிநேகம் இப்படித்தான் தொடங்கியது.

சங்கரன்கோவில் நூலகத்தின் மாடியில் நாங்கள் மூன்று பேர் ஓர் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். நான், ராயகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த ஓர் அண்ணன், அப்புறம் இந்த அக்கா. அவர் பெயரை எழுதினால் என்னைக் கொன்றுவிடுவார், ஆகவே அக்கா என்றே இருக்கட்டும். மேலநீலிதநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவருடையது. விடிவதற்குள் முதல் பஸ்ஸில் ஏறி வந்து, பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடை போட்டுச் சீட்டு எழுதுவார். பத்து மணிக்கு மார்க்கெட் ஓய்ந்ததும் நேராக நூலகத்துக்கு வருவார். மூன்றேகால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

அவர் மாடிப்படி ஏறும்போதே மல்லி வாசம் முன்னால் வந்துவிடும். எங்கள் வீட்டில் பூ வைக்கிற பழக்கம் கிடையாது. அம்மா போகிற கிறிஸ்தவச் சபையில் தலையில் பூ, காதில் கம்மல் எதுவும் கூடாது. அதனால் ஒரு முழம் மல்லி என்ன விலை என்றுகூட எனக்குத் தெரியாது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

வயது வரம்பின்படி அக்காவுக்கு அதுதான் கடைசித் தேர்வு. அடுத்த முறை விண்ணப்பமே போட முடியாது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். கணவருக்குக் கிடைத்த அன்றைக்கு லோடு ஆட்டோ ஓட்டும் வேலை. முன்பு சொந்தத்தில் பூந்தோட்டம் இருந்தது, ஊரடங்கோடு அது போய்விட்டது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. தமிழிலும் வரலாற்றிலும் எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். கணக்கில் மட்டும் இருபத்தைந்து கேள்விக்குப் பத்தைத் தாண்ட மாட்டார்.

கணக்கு வராததால் இல்லை. விலையோடு சண்டைக்குப் போனதால்.

ரயில் கணக்கு என்றால் மடமடவென்று போட்டுவிடுவார். "ரயிலு எம்புட்டு வேகத்துல போனா எனக்கென்ன, நானா ஓட்டுதேன்?" என்பார். தொட்டியில் தண்ணீர் நிரம்பும் கணக்கு, அப்பா மகன் வயதுக் கணக்கு, எதிலும் தகராறு கிடையாது. விலை என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், பேனாவைக் கீழே வைத்துவிடுவார். யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார், காலையிலா சாயந்தரமா, இன்றைக்கு முகூர்த்தமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஒருவர் பதினேழு நோட்டுப் புத்தகம் வாங்கினார் என்று கேள்வியில் வந்தால், அவர் டியூஷன் எடுக்கிறவராகத்தான் இருக்க வேண்டும், மொத்தமாக எடுத்தால் கடைக்காரன் குறைத்துத்தானே கொடுப்பான், ஒன்றுக்கு இவ்வளவு என்று எப்படிப் போடலாம் என்பார். அந்த நேரத்தில் நானும் அண்ணனும் மூன்று கணக்கு முடித்திருப்போம்.

x என்ற எழுத்தை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

"தெரியாத விலைக்கு ஓர் எழுத்தா? எங்க கடையில வந்து ஒரு வியாபாரி மல்லி என்ன விலைன்னு கேட்டா, எக்ஸுன்னு சொல்ல முடியுமா? தராசத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிருவான்."

"பிறகு கண்டுபிடிச்சுச் சொல்லுவோம்லா அக்கா."

"அதுக்குள்ள பூ வாடிரும்."

பூ மார்க்கெட்டில் விலை என்பது நிற்கிற சாமான் இல்லை என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஆறு மணிக்கு எண்ணூறு போன மல்லி, மதுரைப் பக்கம் மழை என்று ஒரு போன் வந்தால் ஆறரைக்கு ஆயிரத்தைத் தொடும். எட்டு மணிக்கு நூறு மூட்டை வந்து இறங்கினால் நானூறுக்கு விழும். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவரிடம், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அசையாமல் நிற்கும் ஒரு x-ஐக் காட்டினால் அவர் எப்படி நம்புவார்? இன்றைக்கு யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவரைப் போல் விலை கண்டுபிடிக்க ஆள் கிடையாது. நூலகத்துக்குக் கீழே ஒரு டீக்கடை. யார் காசு கொடுத்தாலும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம், டீ எவ்வளவு வடை எவ்வளவு என்று கேட்டதில்லை. ஒருநாள் மூன்று டீ, இரண்டு வடை, ஐம்பத்திரண்டு ரூபாய். மறுநாள் மூன்று டீ, நான்கு வடை, அறுபத்தெட்டு. அடுத்த வாரம் அண்ணன் டீ வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு டீ, மூன்று வடை. கடைக்காரர் ஐம்பத்து நான்கு கேட்டார். நான் பர்ஸைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, வடைய பத்து ரூவா ஆக்கிட்டியளா?"

கடைக்காரர் திகைத்துப் போனார். "ஆமாம்மா. இன்னைக்குத்தான். யாருட்டயும் சொல்லலையே, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வடை கூடுனதுக்குப் பதினாறு வாங்குனிய, அப்ப வடை எட்டு. அம்பத்திரண்டுல ரெண்டு வடைய எடுத்தா முப்பத்தாறு, டீ பன்னெண்டு. இன்னைக்கு ரெண்டு டீ இருவத்திநாலு போவ மிச்சம் முப்பது. மூணு வடை. பத்துல்லா?"

"எண்ணெய் விலை ஏறிட்டும்மா. கட்டுப்படியாவல."

"அப்ப சரி. எண்ணெய் ஏறுனா ஏத்தத்தான செய்யணும்" என்று சொல்லி, ஐம்பத்து நான்கையும் அவரே கொடுத்தார்.

மாடிப்படியில் ஏறும்போது நான் துள்ளினேன். "அக்கா, ரெண்டு சமன்பாட்டைக் கழிச்சு, மதிப்பைத் திரும்பப் போட்டு, எல்லாம் மனசுலயே செஞ்சிட்டிய. இப்ப நீங்க கண்டுபிடிச்சதுதான் எக்ஸ்."

"எக்ஸு இல்லட்டி" என்றார் அக்கா. "வடை."

ராயகிரி அண்ணன் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு பதினைந்து கேள்வியைக் கோட்டைவிட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்? அவருக்கு அது கடைசித் தேர்வு என்ற நினைப்பு அவரைவிட எனக்குத்தான் அதிகம் இருந்ததோ என்னவோ.

சரி, அவருக்குப் பழக்கமான சாமானிலேயே கணக்கு கொடுத்துப் பார்ப்போம் என்று ஒருநாள் நானே ஒன்று எழுதினேன். ஒரு கிலோ பிச்சிப்பூவின் விலை மல்லியைவிடப் பத்து ரூபாய் அதிகம். ஐந்து கிலோ மல்லியும் மூன்று கிலோ பிச்சியும் முன்னூற்று ஐம்பது ரூபாய் என்றால் மல்லி என்ன விலை? வகுக்கும்போது மீதி வராமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. பூ வைக்காத வீட்டுப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும்!

அக்கா கேள்வியைப் படித்தார். கையில் பேனாவை எடுக்கவே இல்லை. முகம் மட்டும் மாறியது.

"நாப்பது" என்றார்.

"பாத்தியளா, உடனே வந்துட்டு!" என்று கை தட்டினேன்.

"கிலோ நாப்பது ரூவா. மல்லி." குரல் சன்னமாக இருந்தது. "பறிக்கிற கூலிக்கே காணாதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"சும்மா ஒரு கணக்குக்குத்தான அக்கா..."

"சும்மா வருமாட்டி விலை?"

நோட்டை மூடிப் பையில் வைத்தார். மூன்றேகால் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "ஒரு வார்த்தை தப்பாக் கேட்டுட்டேனா அண்ணே?" என்று ராயகிரி அண்ணனிடம் பத்து தடவை கேட்டிருப்பேன். "ஒங் கணக்குல தப்பு இல்லம்மா. வெலையிலதான் தப்பு" என்றார் அவர். தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. மூன்றாம் நாள் காலை மனசு கேட்காமல் பூ மார்க்கெட்டுக்கே போனேன். எங்கும் ஈரச் சாக்கும் இரைச்சலும். அக்கா தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையால் பூவை அள்ளிப் போட்டுக்கொண்டே மறு கையால் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அதற்கு மேல் கோபம் காட்ட அவருக்குத் தெரியாது.

போகிற வழியில் ஒரு யோசனை தோன்றியிருந்தது. அதை அங்கேயே சொன்னேன்.

"அக்கா, அந்தக் கணக்கெல்லாம் நம்ம ஊர்ல நடக்கல. அது வேற ஊரு. எக்ஸூருன்னு பேரு. அங்கன விலை எல்லாம் அப்படித்தான்."

தராசில் இருந்த பூவைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். "எக்ஸூரா? எங்கன இருக்கு? வாசுதேவநல்லூருக்கு மேக்கயா?"

"அதுக்கும் மேக்க. பஸ்ஸு கெடையாது."

"அங்கன நாற்காலி இருநூறா?"

"இருநூறேதான். மரமா பிளாஸ்டிக்கான்னு யாரும் கேக்க மாட்டாவ."

"பைத்தாரப் பயலுவ ஊரு" என்றார். ஆனால் பத்து மணிக்கு நூலகத்துக்கு வந்துவிட்டார்.

எக்ஸூர் அவருக்குப் பிடித்துப் போனது. அந்த ஊருக்கு ஒவ்வொன்றாகச் சட்டம் வகுத்தார். எக்ஸூரில் பேரம் கிடையாது. முகூர்த்தம் கிடையாது, மழை கிடையாது. மொத்த விலை, சில்லறை விலை என்று இரண்டு கிடையாது. காலையிலும் சாயந்தரமும் ஒரே விலை. அந்த ஊரார் சாமான் வாங்கினால் எதற்கு வாங்குகிறாய் என்று கேட்கக் கூடாது, பாவம், அவர்களுக்கே தெரியாது. பஸ்ஸில் வரும்போது எக்ஸூரில் என்னென்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டு வந்து எங்களிடம் சொல்வார். "இன்னைக்கு எக்ஸூர்ல ஒருத்தன் அறுவது ஆரஞ்சு வாங்கிட்டுப் போறான். வீட்டுல பொண்டாட்டி என்ன சொல்லுவாளோ!" இதைச் சொல்லும்போதே கை விடையைப் போட்டிருக்கும். மூன்றே வாரத்தில் இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு வாங்கினார். விடை வந்ததும் அதைத் திரும்பக் கேள்வியில் வைத்துச் சரிபார்ப்பார். "ஒருக்க கடைக்குப் போயிட்டு வந்துருதேன்" என்பார் அதற்கு.

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "எல்லாம் விக்கட்டும். பூ மட்டும் அங்கன விக்க வேண்டாம்."

"சரிக்கா. எக்ஸூர்ல பூக் கடையே கெடையாது."

சத்தியம் செய்தது போல்தான் அது. மாதிரித் தேர்வுப் புத்தகங்களில் பூ என்று வந்த கணக்கை எல்லாம் அவர் பார்ப்பதற்கு முன்னால் நான் எடுத்து, பென்சிலால் அடித்துவிட்டுக் கொடுப்பேன். மாலை கட்டுகிற கணக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் முகம் மறுபடி அப்படி மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன்.

தேர்வு எங்கள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மூவருக்கும் வேறு வேறு அறை. தமிழ், வரலாறு எல்லாம் முடித்துவிட்டுக் கணக்குப் பக்கத்தைத் திருப்பினேன். நான்காவதோ ஐந்தாவதோ கேள்வி. ஒரு கிலோ மல்லியின் விலை ஒரு கிலோ அரளியின் விலையைப் போல் இரண்டு மடங்கு. மூன்று கிலோ மல்லியும் நான்கு கிலோ அரளியும் வாங்க இருநூற்று ஐம்பது ரூபாய் ஆகிறது எனில், ஒரு கிலோ மல்லியின் விலை என்ன?

அரளி x. மொத்தம் 10x. அரளி இருபத்தைந்து, மல்லி ஐம்பது. விடை பத்து வினாடியில் வந்துவிட்டது. வட்டத்தைக் கறுப்பாக்க முடியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டு அறை தள்ளி அக்காவும் இந்தப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். பேனாவைக் கீழே வைத்திருப்பார். யார் வாங்குகிறார் என்று கேட்டிருப்பார். அங்கேயே நின்றுவிட்டால் மீதி இருபது கேள்வியும் போச்சு, வேலையும் போச்சு. பூக் கணக்கை அடித்து அடித்துக் கொடுத்த என் பென்சிலை நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார்.

மணி அடித்ததும் வெளியே ஓடினேன். வேப்பமரத்தடியில் அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ராயகிரி அண்ணன் அதற்குள் பஸ்ஸுக்குப் போயிருந்தார்.

"அக்கா. பூக் கணக்கு..."

"வந்துச்சு."

"பாத்தியளா?"

"அம்பது" என்றார்.

"போட்டியளா?"

பாட்டிலை மூடினார். மூடியை நன்றாகத் திருகினார்.

"போட்டேன். கடைக்கும் ஒருக்க போயிட்டு வந்தேன். மூணு அம்பது நூத்தியம்பது, நாலு இருவத்தஞ்சு நூறு. சரியாத்தான் இருந்துச்சு. வட்டத்தக் கறுப்பாக்கிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். எல்லாத்தையும் முடிச்சிட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. அவரைக் கட்டிக்கொள்ளப் போனேன். அக்காவின் கண் நிறைந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"ஊரடங்குல கல்யாணம் இல்ல, கோயில் இல்ல, பஸ்ஸு இல்ல. கிலோ நாப்பதுக்குக் கேட்டாவ. நீ ஒரு கணக்கு எழுதுனேல்லா, அதே நாப்பது. இந்த விலைக்குக் குடுக்கதுக்குச் செடியவே புடுங்கிருவோம்னு எங்க வீட்டுக்காரவுகட்ட நாந்தான் சொன்னேன். அவ்வோ ஒரு பக்கம், நா ஒரு பக்கம். ரெண்டு நாளாச்சு புடுங்க. நாப்பதுக்கு மாட்டேன்னு சொன்ன ஆளு நானு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு அம்பதுக்குச் சரின்னு வட்டம் போட்டுட்டு வாரேன்."

அது எக்ஸூர்தானே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தேன்.

அக்கா தேறிவிட்டார். நானும் தேறினேன். ராயகிரி அண்ணன் அந்த முறை தேறவில்லை, அடுத்ததில் வந்தார். அக்காவுக்கு வேறு மாவட்டத்தில் ஓர் அலுவலகம் கிடைத்தது. பணி ஆணை வாங்கிய மறுநாள் நூலகத்துக்கு வந்தார். ஐப்பசி முகூர்த்தம், பூ விலை வானத்தில் நின்ற நாள். கமிஷன் கடையில் கடைசியாக எடை போட்டுவிட்டு, மார்க்கெட் வாசலில் பூ விற்கிற ஓர் அம்மாவிடம் வாங்கிய மல்லியை வாழையிலையில் பொதிந்து என் கையில் கொடுத்தார்.

"நாங்க வைக்க மாட்டோம்லா அக்கா."

"தெரியும். மேசையில கெடக்கட்டும். வாசம் பாக்கக் கூடாதுன்னு ஒங்க சபையில சொல்லலேல்லா?"

"இன்னைக்கு என்ன விலைக்கா?"

"கேக்காத. அவ சொன்ன விலைய ஒரு ரூவா குறைக்காமக் குடுத்துட்டு வந்தேன். அன்னைக்கு அம்பதுக்கு ஒத்துக்கிட்டேன்லா, அதுக்கு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மணி மூன்றேகாலை நெருங்கிவிட்டது.

"எம்புட்டுன்னாவது சொல்லிட்டுப் போங்க."

படியில் இறங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "எக்ஸுன்னு எழுதிக்கோ" என்றார்.

அன்று அந்தப் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப் போகும் வழியில் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். இருநூறு கிராம். அன்றைக்குச் சில்லறையில் மல்லி என்ன விலை என்று மார்க்கெட் வாசலில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஒற்றை வரிக் கணக்கு, எனக்குப் பத்து வினாடி ஆகாது. நான் இன்றுவரை அதைப் போடவில்லை.